எஞ்சின் நின்ற மத்தியானம்

கண்டியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் முஹ்ஸினுக்கு ஐம்பத்தாறாவது வயதில் ஒரு படகு சொந்தமாயிற்று. நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர், பிள்ளைகளோடு இருக்க மெல்பேர்னுக்குப் போகுமுன் வீட்டுச் சாமான்களையெல்லாம் விற்றுக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சட்டத்தை இறுக்கிக்கொள்ளக் கடைக்கு வந்தவர், ஒரு படகும் இருக்கிறது, எடுக்கிறீர்களா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார். முஹ்ஸின் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டால் அவருக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. நீச்சல் ஏதோ கொஞ்சம் தெரியும். கடலைப் பார்த்தால் தலை சுற்றும்.

பதினாறடி நீளமான வெள்ளை ஃபைபர் படகு அது. பின்னால் நாற்பது குதிரைவலு எஞ்சின். தெல்தெனியவுக்குப் பக்கத்தில், விக்டோரியா நீர்த்தேக்கக் கரையிலிருந்த ஒரு விடுமுறை பங்களாவின் கீழே நீலப் படங்கு போர்த்திக் கிடந்தது. பங்களாவைப் பார்த்துக்கொண்டிருந்த அழகர் படகையும் பார்த்துக்கொண்டார்.

மற்றவர்கள் படகில் ஏறினால் காற்று வாங்குவார்கள். முஹ்ஸின் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எஞ்சின் சத்தம் ஓர் இழை மாறினாலும் அவர் உடனே வேகத்தைக் குறைத்துவிடுவார். எஞ்சினின் பக்கத்திலுள்ள சிறு துளையிலிருந்து மெல்லிய நீர்த்தாரை ஓயாமல் பீய்ச்ச வேண்டும், அது நின்றால் எஞ்சின் கொதிக்கிறது என்று அர்த்தம். ஆகவே அவர் முன்னால் பார்த்ததைவிடப் பின்னால் திரும்பிப் பார்த்ததே அதிகம். அப்படிப் பின்னால் பார்க்கும் நேரத்தில், நீருக்குள் நிற்கும் பட்டமரம் எதிலாவது மோதிவிடுவோமோ என்ற பயம். அணை கட்டுமுன் அங்கே தோட்டங்களும் வீதியும் பழைய தெல்தெனியப் பட்டினமும் இருந்தன. நீர் வற்றும் மாதங்களில் மரங்களின் உச்சிகள் கறுப்பு விரல்களாக வெளியே வரும். மீன்பிடிக்காரரின் வலை எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டால்? பெற்றோல் முள் பொய் சொன்னால்? பலகைக்கு அடியில் தண்ணீர் ஊறினால்? இந்தத் திருப்பத்துக்கு அப்பால் போனில் சிக்னல் இருக்குமா? ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டுக் கரையேறும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

"எப்படி மொதலாளி, ஜாலியா இருந்திச்சா?" என்பார் அழகர்.

"நல்லா ஈந்திச்சு" என்பார் முஹ்ஸின். அது பொய்யுமல்ல. அடுத்த சனிக்கிழமையும் வருவார்.

வீட்டில் அவர் வேறு மனிதர். தலையணையில் தலை பட்டதும் தூங்கிவிடுவார். தூங்காமல் இருந்தவள் அவருடைய மனைவி மஸாஹிரா.

ஹந்தானை மலையின் அடிவாரத்தில் அவர்களுடைய வீடு. பதினெட்டு வருடங்களுக்கு முன், பின்புறத்து மலையைக் கொஞ்சம் வெட்டிச் சமன்செய்து கட்டியது. கடந்த நவம்பரில் வானம் கிழிந்ததுபோல் நாள்கணக்கில் மழை கொட்டியபோது, மஸாஹிரா ஓர் இரவு விழித்தே இருந்தாள். பெண்கள் பாடசாலையில் இருபத்தேழு வருடம் புவியியல் படிப்பித்தவள். சாய்வு, மண், நீர் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியவள். மலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. லொறியிலிருந்து கருங்கல் கொட்டுவதுபோல, ஆனால் மெதுவாக, யாரும் கேட்டுவிடக்கூடாது என்று கொட்டுவதுபோல. அவள் உடனே பக்கத்து வீட்டுச் சப்னாவுக்குப் போன் எடுத்து, "பிள்ளைகளத் தூக்கிட்டு வெளிய ஓடு" என்றாள். சப்னா ஓடினாள். கால் மணித்தியாலத்தில் சப்னாவின் குசினியும் இரண்டு அறைகளும் மண்ணுக்குள் போயின.

எல்லாரும் மஸாஹிராவைக் கொண்டாடினார்கள். சப்னா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதிகாரிகள் வந்து மலையைச் சுற்றிப் பார்த்து, முஹ்ஸினின் வீட்டில் இருக்கலாம், பெருமழை வந்தால் மட்டும் வெளியேறுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். முஹ்ஸின் அந்தக் கடிதத்தை அலுமாரியில் பத்திரமாக வைத்தார். மஸாஹிராவுக்கோ அந்த நாளிலிருந்து தூக்கம் போயிற்று. மழை என்றால் எழுந்து பின்கதவடியில் நிற்பாள். மழை இல்லாத நாளில் மழை வருமோ என்று படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒரு நாள் போட்டாள். மறுநாள் எழுந்ததும் அத்தனை மாத்திரையையும் தூக்கி வீசினாள். ஆறு மாதத்தில் கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்புப் பிறை வந்துவிட்டது.

"அதிகாரிகள் பாத்துட்டாங்கதானே, என்னத்துக்குப் பயப்படுற?" என்று முஹ்ஸின் சொல்வார். அவள் எழுந்து பின்கதவடிக்குப் போவாள்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, முஹ்ஸின் மத்தியானத் தொழுகையான லுஹரை முடித்துவிட்டுக் கார்த் திறப்பை எடுத்தபோது மஸாஹிரா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். மலைக்குமேல் கருமேகம் கட்டியிருந்தது.

"நானும் வாரேன்."

"எங்க?"

"நீங்க போற எடத்துக்கு. இந்த வீட்டுல இண்டைக்கு ஈக்க ஏலா."

அவள் அதுவரை படகைப் படத்தில்தான் பார்த்திருந்தாள். முஹ்ஸினுக்குச் சந்தோஷத்தைவிடக் கலக்கமே கூடியது. திகன ஊரைத் தாண்டிப் போகும்வரை உயிர்காப்பு அங்கி போடுவது எப்படி, எழுந்து நிற்காமல் எப்படி இடம் மாறுவது, விழுந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொண்டே போனார். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு "ம், ம்" என்றாள்.

"வாங்க மொதலாளி. அட, டீச்சரம்மாவும் வந்திருக்காங்களா!" என்று அழகர் படங்கை உருவி, மடித்துப் படகுக்குள் போட்டார். "போங்க, போயிட்டு வெரசா வந்துருங்க. நாலு மணிக்கு மேல தும்பறைப் பக்கம் இருட்டிக்கிட்டு வரும்."

படகு நீருக்குள் இறங்கியது. மஸாஹிரா முன்பக்க மெத்தையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். முஹ்ஸின் பின்னால் திரும்பி நீர்த்தாரையைப் பார்த்தார். ஒழுங்காகப் பீய்ச்சியது. முன்னால் திரும்பினார். மரம் ஒன்றும் இல்லை. மறுபடி பின்னால் பார்த்தார்.

இருபது நிமிடம் ஓடியிருப்பார்கள். கரைகள் இரண்டு பக்கமும் தள்ளிப் போய், பச்சை மலைகள் ஒவ்வொன்றாகத் தங்கள் நிறத்தை விட்டு நீலமாகிக்கொண்டிருந்தன. எஞ்சின் ஒருமுறை இருமியது. மறுபடி இருமியது. பிறகு சத்தம் மெலிந்து, மெலிந்து, நின்றுவிட்டது.

அமைதி வந்து படகைச் சுற்றி உட்கார்ந்தது. படகு கொஞ்சத் தூரம் தன்பாட்டில் வழுக்கிப்போய், அலைகளோடு அசையத் தொடங்கியது.

முஹ்ஸின் திறப்பைத் திருப்பினார். எஞ்சின் சுழன்றது, பற்றவில்லை. இன்னொரு முறை. இன்னொரு முறை. நெற்றியில் வியர்வை அரும்பியது.

"என்ன?" என்றாள் மஸாஹிரா.

"ஒண்டுமில்ல. நிண்டுட்டு. பாக்கிறேன்."

"தாழுமா?"

"சே, தாழாது. மிதந்துகொண்டு ஈக்கும்."

"அப்ப சரி" என்றாள் அவள்.

அவர் எஞ்சின் மூடியைக் கழற்றினார். வயர்களைத் தொட்டுப் பார்த்தார். சூடு அவ்வளவாக இல்லை. போனை எடுத்தார். சிக்னல் ஒரு கோடு வந்து போனது. அழகரின் நம்பரை அழுத்தினார், போகவில்லை. கரையில் யாராவது தெரிகிறார்களா என்று பார்த்தார். தூரத்தில் ஒரு மாடு நீர் குடித்துக்கொண்டிருந்தது. அவருடைய மனத்தில் எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன: காற்று கிழக்கே தள்ளினால் பட்டமரங்கள், தெற்கே தள்ளினால் அணைக்கட்டு எல்லையின் மிதவைகள், நாலு மணிக்கு மழை, ஆறரைக்கு இருட்டு, படகில் ஒரேயொரு துடுப்பு, இரண்டு போத்தல் தண்ணீர், நீச்சல் தெரியாத மனைவி.

மஸாஹிரா வானத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு வலப்பக்கம், இடப்பக்கம்.

"மேல ஒண்டுமே இல்ல, பாத்தீங்களா?" என்றாள்.

"எதுக்கு மேல?"

"நமக்கு மேல."

அவருக்கு அது விளங்கவில்லை. பெற்றோல் தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயைக் குனிந்து தடவிக்கொண்டிருந்தார். குழாயின் நடுவே பெற்றோல் இறைக்கும் ரப்பர்க் குமிழ் ஒன்று உண்டு. அது உலர்ந்த பேரீச்சம்பழம்போல ஒட்டிச் சப்பையாகக் கிடந்தது. அமுக்கினார். அது எழும்பவில்லை. பெற்றோலை இறைக்கும் இயந்திரம் பழுதாயிற்று என்று நினைத்தார். வடிகட்டி அடைத்துவிட்டது என்று நினைத்தார். கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும் என்று நினைத்தார்.

"மஸா, பயப்படாத, என்ன" என்று திரும்பினார்.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அங்கியைக் கழற்றாமலே மெத்தையில் ஒருபக்கமாகச் சாய்ந்து, கன்னத்துக்குக் கீழே ஒரு கையை வைத்துக்கொண்டு, வாய் சிறிதாகத் திறந்தபடி. முஹ்ஸின் கொஞ்ச நேரம் அவள் கண்ணை மூடியிருக்கிறாள் என்றுதான் நினைத்தார். பிறகு அந்த மூச்சைக் கேட்டார். நீளமாக உள்ளே போய், ஒரு கணம் தங்கி, நீளமாக வெளியே வந்தது. அப்படியொரு மூச்சை அவர் ஆறு மாதமாகக் கேட்டிருக்கவில்லை.

அவர் சத்தமில்லாமல் தாங்கியின் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அதன் மூடியின் மேலிருந்த சிறிய திருகு கண்ணில் பட்டது. தாங்கிக்குள் காற்றுப் போவதற்கான திருகு; காற்றுப் போகாவிட்டால் பெற்றோல் வெளியே வராது. போன சனிக்கிழமை, தாங்கி வைக்கும் கொட்டில் முழுக்கப் பெற்றோல் மணக்கிறது என்று அழகர் சொன்னதால் அவரே அதை இறுக்கி மூடியிருந்தார். திறக்க மறந்துவிட்டார். இரண்டு விரலால் அதைத் தளர்த்தினார். ஸ்ஸ் என்று தாங்கி மூச்சை உள்ளே இழுத்தது. ரப்பர்க் குமிழ் மெல்ல மெல்ல உப்பி எழுந்தது. அமுக்கினால் இப்போது கையை எதிர்த்தது.

அவ்வளவுதான். எஞ்சினுக்கு ஒன்றுமே இல்லை. பெரிய பாரம் இறங்கினதுபோல் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று முணுமுணுத்துக்கொண்டு திறப்பில் கை வைத்தார்.

கை அங்கேயே நின்றது.

திருப்பினால் எஞ்சின் உறுமும். அவள் எழுந்துவிடுவாள். எழுந்தால் கரை, கார், வீடு, அந்தப் பின்கதவு.

நேரம் இரண்டரை. கருமேகம் இன்னும் தும்பறை மலைகளுக்கு அப்பால்தான் இருந்தது. ஒரு பத்து நிமிடம், என்று முஹ்ஸின் நினைத்தார். பத்து நிமிடம் தூங்கட்டும். திறப்பிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பத்து நிமிடம் இருபதாயிற்று. காற்று மெல்லக் கிளம்பி, படகைக் கிழக்கே நகர்த்தியது. முஹ்ஸின் துடுப்பை எடுத்தார். படகின் விளிம்பில் அது தட்டிச் சத்தம் வராமலிருக்கத் சட்டைப்பையிலிருந்த கைலேஞ்சியை விளிம்பில் மடித்து வைத்து, அதன்மேல் துடுப்பைச் சாய்த்துத் தள்ளினார். நங்கூரம் இருந்தது. ஆனால் அதன் சங்கிலி ஊர்கூட்டும். பட்டமரங்கள் ஒவ்வொன்றாகக் கிட்ட வந்தன. ஒன்றின் உச்சியில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு, இவரை வேடிக்கை பார்த்தது. முஹ்ஸின் மூச்சுப் பிடித்துத் தள்ளினார். மரம் ஒரு முழத் தூரத்தில், வழிவிட்டதுபோல, விலகிப் போனது.

கீழே நீர் பச்சையாகவும் அதற்குக் கீழே கறுப்பாகவும் இருந்தது. இதற்கு அடியில்தான் பழைய பட்டினம் என்று அழகர் ஒருமுறை சொல்லியிருந்தார். இந்த நேரத்துக்கு, இந்த அசைவுக்கு, முஹ்ஸினுக்கு அது வெகு இயல்பாகப் பட்டது. கீழே ஒரு வீதி. வீதியில் ஒரு கடை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளி பாதிக் கதவைச் சாத்திவிட்டு, கதிரையில் தலை தொங்கி உறங்குகிறார். படகின் நிழல் ஒரு மேகம்போல அவருடைய கூரையைத் தாண்டிப் போகிறது. அவர் எழும்பவில்லை. எழுப்பிவிடக்கூடாது என்று முஹ்ஸின் துடுப்பை நீரிலிருந்து இன்னும் மெதுவாக எடுத்தார். துடுப்பின் நுனியிலிருந்து துளிகள் வட்டம் வட்டமாக விழுந்தன. எத்தனை நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்றரை தாண்டியதும் அஸர் தொழுகை நேரம் நினைவுக்கு வந்தது. போத்தல் இரண்டும் குடிக்க வேண்டியவை. நீர்த்தேக்கத்தில் கையை விட்டு அள்ளி, முகம் கை கால் கழுவி வுழூச் செய்தார். எழுந்து நின்றால் படகு ஆடும் என்பதால் இருந்தபடியே, வெயில் சாயும் பக்கத்துக்குச் சற்று வலமாக, மக்காவின் திசைக்குத் திரும்பித் தொழத் தொடங்கினார். ஆனால் படகு தன்பாட்டில் சுழன்றது. அவர் அந்தக் கிப்லாத் திசையை விடாமல் அங்குலம் அங்குலமாக இருக்கையில் நகர்ந்தார். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தபோது, தொடங்கிய இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கையின் மறுகோடியில் இருந்தார். திரும்பிப் பார்த்தால் மழை வந்துகொண்டிருந்தது.

தும்பறைப் பக்கமிருந்து அது ஒரு சாம்பல்நிறத் திரையாக நீரின்மேல் நடந்து வந்தது. அதன் முன்னால் நீர் சுருங்கிச் சிலிர்த்தது. முஹ்ஸின் திறப்பில் கை வைத்தார். இடி இருந்தால் அந்த நிமிடமே எஞ்சினைக் கிளப்பிவிடுவது என்று முடிவு செய்து, காதைக் கூர்மையாக்கிக் காத்திருந்தார். இடி இல்லை. வெறும் மழை. அதுதான் இடியைவிடப் பெரிய பயம். மழைச் சத்தத்துக்கு எழும்பாதவளா மஸாஹிரா?

நீலப் படங்கை விரித்தார். ஒரு முனையை முன்வளையத்தில் கட்டி, மறுமுனைகளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளுடைய தலைமாட்டில் முழங்காலில் நின்றார். மழை வந்து விழுந்தது. படங்கில் படபடவென்று, வீட்டுக் கூரையில் விழும் அதே சத்தம். அவருடைய முதுகு ஒரே நிமிடத்தில் நனைந்தது.

மஸாஹிரா கண்ணைத் திறந்தாள்.

நேரே மேலே நீலத் துணியைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அதைப் பிடித்துக்கொண்டிருந்த அவருடைய முகத்தை.

"மழையா?"

"ஓ. மழை."

"மலை?"

"மலை தூரத்துல ஈக்குது. இங்க தண்ணிதான். நான் பாத்துகொண்டு ஈக்கிறேன்."

அவள் அதை யோசிப்பதுபோலிருந்தது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு மறுபடி நீளமாயிற்று.

கைகள் நோவெடுத்தன. அதைவிடப் பெரிய கவலை, படகுக்குள் தண்ணீர் சேர்வது. கணுக்கால்வரை வந்திருந்தது. இறைக்கும் மோட்டார் இருந்தது, ஆனால் அது ஆட்டுக்கல் போலச் சத்தம் போடும். படங்கின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெட்டிய பிளாஸ்டிக் போத்தலால் ஒரு கையால் தண்ணீரை அள்ளி, ஊற்றும் சத்தம் கேட்காமல் விளிம்போடு வழியவிட்டார். அந்த நிலையில்தான் மழைக்குள்ளிருந்து ஒரு சிறு தோணி வெளிப்பட்டது. அதில் தலையில் பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு அழகர் துடுப்பு வலித்து வந்தார்.

"மொதலாளீ! எஞ்சின் நின்னுபோச்சா? கரையிலேருந்து பாத்துக்கிட்டே..."

முஹ்ஸின் பல்லிலிருந்த படங்கை விட்டுவிட்டு, உதட்டில் விரலை வைத்தார்.

அழகர் தோணியைப் படகோடு ஒட்டி நிறுத்திக் கிசுகிசுத்தார். "என்னா மொதலாளி, என்னாச்சு?"

"ஒண்டுமில்ல. எஞ்சின் சரி."

"சரின்னா ஏன் இங்கனயே கெடக்குறீங்க? ரெண்டு மணி நேரமா ஆடிக்கிட்டே இருக்கு போட்டு."

முஹ்ஸின் படங்கைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். அழகர் எட்டிப் பார்த்தார். உடனே தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"தூங்குறாங்களா?"

"ஆறு மாசமாத் தூங்கல்ல."

ஹந்தானைப் பக்கம் மலை இறங்கின கதை அழகருக்கும் தெரியும். தன் தோணிக் கயிற்றைப் படகின் வளையத்தில் கட்டினார். "நீங்க துணியப் புடிங்க மொதலாளி. மரத்துப் பக்கம் போகாம நான் வலிச்சுக்கிறேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மழைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சத்தமில்லாமல் துடுப்புப் போடத் தொடங்கினார். அப்படியே அவர்கள் இருந்தார்கள். ஒருவர் வலித்துக்கொண்டு, ஒருவர் பிடித்துக்கொண்டு. நீரும் வானமும் ஒரே நிறமாகி, படகு எங்கேயும் தொடாமல் தொங்குவதுபோலிருந்தது. முஹ்ஸின் நனைந்து நடுங்கினார். ஆனால் அந்த நடுக்கத்துக்குள் எங்கோ ஓர் இடத்தில் தானும் உறங்குவதுபோல இருந்தது அவருக்கு.

மழை ஓய்ந்ததும் அழகர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, கையை மட்டும் ஆட்டிவிட்டுக் கரைக்குப் போனார்.

மஸாஹிரா ஐந்து மணிக்குத் தானாக எழுந்தாள். எழுந்து கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவள்போல விழித்தாள். முகத்தில் மெத்தையின் கோடுகள் பதிந்திருந்தன.

"எத்தன மணி?"

"அஞ்சு."

"அஞ்சா! எஞ்சின் இன்னும் சரிவரல்லயா?"

முஹ்ஸின் பொய் சொல்லப் பார்த்தார். வரவில்லை. "அது ரெண்டரைக்கே சரி" என்றார். "காத்துப் போற திருக நான்தான் மூடி வெச்சிருந்தேன்."

"அப்ப என்னத்துக்கு எழுப்பல்ல?"

"நீ தூங்கினாய்."

அவள் அவருடைய ஈரச் சட்டையையும் சுருங்கிப்போன விரல்களையும் பார்த்தாள். படங்கில் அவருடைய பல் பதிந்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பயமா ஈக்கல்லயா?"

"பயத்துல செத்தே போய்ட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியபின் சொன்னாள்: "அதாலதான் எனக்குத் தூக்கம் வந்தது."

"எதால?"

"நீங்க பயந்துகொண்டு ஈந்ததால. போட்டுல ஏறின நேரத்துல ஈந்து முன்னுக்கும் பின்னுக்கும் பாத்துகொண்டே ஈந்தீங்க. ஒராள் முழிச்சிகொண்டு ஈக்கிறார், எனக்கு முழிக்கத் தேவையில்ல எண்டு பட்டது. வீட்டுல மழை பெய்யக்குள்ள நீங்க கொறட்டை. ரெண்டு பேரும் தூங்கினா அந்தச் சத்தம் யாருக்குக் கேக்கும், செல்லுங்க?"

எஞ்சினுடைய ஒரு இருமலுக்கு வியர்த்து வழிகிற தான், முதுகுக்குப் பின்னால் ஒரு மலை நிற்கும் வீட்டில் ஆறு மாதமாக நிம்மதியாகத் தூங்கியிருப்பதை நினைத்தபோது முஹ்ஸினுக்கு வெட்கமாக இருந்தது. அலுமாரியில் கிடக்கும் அந்தக் கடிதத்தை அவர் நம்பினார். இவள் நம்பவில்லை. சாய்வும் மண்ணும் நீரும் தெரிந்தவள் இவள். இவளிடம் அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

"மஸா, நீ செல்லு. அந்த வீடு சரியில்லயா?"

அவள் விரல்களைக் கோத்துக்கொண்டு நீரைப் பார்த்தாள். "மண்ணுக்குள்ள தண்ணி எறங்கின வழி மாறிட்டு. நம்மட கிணத்துத் தண்ணி நவம்பருக்குப் பொறகு கலங்கித்தான் வருது. இந்த வருசம் ஒண்டும் நடக்காம ஈக்கலாம். அடுத்த வருசமும் நடக்காம ஈக்கலாம். எனக்கு அப்பிடி எண்ணிகொண்டு ஈக்க ஏலா."

"இத முன்னுக்கே செல்லியிருக்கலாமே?"

"செல்ல வந்தா நீங்க கடுதாசியக் காட்டுறீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "தட்டையான எடமாப் பாத்துப் போவோம்" என்றார்.

"உண்மையா?"

"உண்மையா. வீடு கெடைக்கும்வரைக்கும் மழை நாள்ல நான் முழிச்சிகொண்டு ஈக்கிறேன். நீ படு."

"ஏலுமா உங்களுக்கு?"

"இண்டைக்கு ஏலுமா ஈந்திச்சே."

திறப்பைத் திருப்பினார். முதல் சுழற்சியிலேயே எஞ்சின் பற்றிக்கொண்டது. கரையில் அழகர் கயிற்றோடு நின்றார். டீச்சரம்மா சவாரி எப்படி என்று கேட்டார். மஸாஹிரா, "ஒண்டையும் பாக்கல்ல அழகர்" என்றாள். "நாங்களும் பாக்கலீங்க, மழ மறைச்சிருச்சு" என்று அவர் பெரிய பற்களைக் காட்டிச் சிரித்தார். அவருடைய வீட்டில் இஞ்சி போட்ட தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் அவர்கள் கிளம்பினார்கள். முஹ்ஸினுக்கு அன்று மாலையே தும்மலோடு தடிமன் பிடித்தது.

சொன்னதுபோல முஹ்ஸின் மழை நாள்களில் விழித்திருந்தார். முதல் நாள் ஹோலில் கதிரை போட்டு உட்கார்ந்து, ஒரு மணித்தியாலத்தில் உறங்கிப்போனார். மஸாஹிராதான் வந்து எழுப்பினாள். அடுத்த தடவை அவர் கதிரையை விட்டுவிட்டு நின்றுகொண்டார். மலையின் சத்தம் எப்படி இருக்கும் என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். கூரை, மழைநீர் வடியும் பீலி, வாழையிலை, கல்லின்மேல் வழியும் நீர் என்று ஒவ்வொன்றின் சத்தத்தையும் பிரித்தறியப் பழகினார். மஸாஹிரா எல்லா நாளும் தூங்கவில்லை. சில நாள் எழுந்து வந்து அவரோடு நின்றாள். சில நாள் தூங்கினாள்.

ஆகஸ்ட் மாதம் குண்டசாலையில் ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தது. பழைய வீடு, குளியலறைக் கதவு சரியாக மூடாது, சுவரில் ஈரம். முஹ்ஸின் முகத்தைச் சுளித்தார். மஸாஹிரா உள்ளே ஒன்றையும் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போனாள். பின்னால் வயல் இருந்தது. வயலுக்கு அப்பால் தென்னை, தென்னைக்கு அப்பால் வெறும் வானம். வீட்டுக்காரப் பெண்மணியிடம் சிங்களத்தில், எப்போது குடிவரலாம் என்று கேட்டாள்.

சாமான்களை இரண்டு தடவையாக லொறியில் ஏற்றினார்கள். முதல் தடவை வந்த பெட்டிகளைப் பிரிக்காமல் ஹோலில் குவித்துவிட்டு, அலுமாரியும் கட்டிலும் வரும்வரை கொஞ்சம் சாய்வோம் என்று இருவரும் வெறுந்தரையில் பாயை விரித்தார்கள். மத்தியானம் இரண்டு மணி. லொறிக்காரர் திரும்பி வந்து ஹோர்ன் அடித்தார். கதவைத் தட்டினார். முஹ்ஸினின் போனுக்கு மூன்று தடவை அழைத்துப் பார்த்தார். யன்னலால் எட்டிப் பார்த்தபோது, பெட்டிகளுக்கு நடுவே இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி அடித்துப்போட்டதுபோல் உறங்கிக் கிடந்தார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, அலுமாரியையும் கட்டிலையும் விறாந்தையில் இறக்கி வைத்து, மழை வந்தால் நனையாதிருக்க ஒரு படங்கை இழுத்து மூடிவிட்டுப் போனார்.